ஒன்பதாம் கொடிக்குப் பத்து

அந்தத் திட்டத்துக்கு இரண்டு துறைகள் கையெழுத்துப் போட்டிருந்தன. ஒவ்வொன்றும் வேறு ஒரு திட்டத்துக்குப் போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது.

விண்ணப்பத்தின் தலைப்பு ‘ஜி.ஏ. வழியாகப் பன்னீர் திராட்சையை மேம்படுத்துதல்’. வேளாண் துறையில் ஜி.ஏ. என்றால் ஜிப்ரெல்லிக் அமிலம். செடியை நீட்டி வளர்க்கும் ஹார்மோன். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போடுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: டம்ளரில் கரைத்துக் குலையை முக்கி எடுத்தால் காம்பு நீளும், மணி பருக்கும். கணினித் துறையில் ஜி.ஏ. என்றால் ஜெனடிக் அல்காரிதம். விடை தெரியாத கணக்குக்கு முந்நூறு குத்துமதிப்பு விடைகளைப் போட்டு, நல்லதுக்கும் நல்லதுக்கும் கல்யாணம் கட்டிவைத்து, மோசமானதைக் கழித்துவிட்டு, பேரன் பேத்திகளில் சரியான விடையைத் தேடும் முறை.

வேளாண் துறை அமிலத்துக்குக் கையெழுத்துப் போட்டது. கணினித் துறை அல்காரிதத்துக்குப் போட்டது. இளம்பரிதியும் அவன் மனைவி வைகைச்செல்வியும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. தலைப்பு சுருக்கமாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தார்கள்.

அவர்கள் சந்தித்ததும் அந்த இரண்டு எழுத்துகளால்தான். கோயம்புத்தூரில் படிக்கும்போது ‘ஜி.ஏ.: ஒருநாள் கருத்தரங்கு’ என்ற அறிவிப்பைப் பார்த்து இளம்பரிதி ஒரு அறைக்குள் போய் உட்கார்ந்தான். மேடையில் ஒரு பெண் நெல் நாற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ஜப்பானில் ஒரு காலத்தில் சில நாற்றுகள் காரணமில்லாமல் நெடுநெடுவென்று வளர்ந்து, நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து விழுமாம். ஒரு பூஞ்சை செய்த வேலை. அந்தப் பூஞ்சையிலிருந்துதான் இந்த அமிலத்தைக் கண்டுபிடித்தார்கள். விவசாயிகள் அந்த நோய்க்கு ‘முட்டாள் நாற்று’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இதைச் சொல்லும்போது அவள் கண் மூன்றாவது வரிசைக்குப் போனது. ஆறடி இரண்டங்குலத்தில் ஒருவன் நாற்காலியில் சாய்ந்து கிடந்தான்.

“நீங்க எந்த டிபார்ட்மென்ட்?” என்று இடைவேளையில் கேட்டாள்.

“கம்ப்யூட்டர்.”

“அப்புறம் ஏன் எந்திரிச்சுப் போகலை?”

“டீ குடுப்பாங்கன்னு இருந்தேன்.”

அன்றிலிருந்து கடைசி வரைக்கும் அவள் அவனை முட்டாள் நாற்று என்றுதான் கூப்பிட்டாள். கடைசி என்பது பதினாறு மாதத்துக்கு முன்பு. ஐந்து நாள் காய்ச்சல். யார் கேட்டாலும் இளம்பரிதி இந்த அளவில்தான் சொன்னான்.

பண்ணை கம்பத்தை அடுத்த கூடலூர்ப் பக்கம், மலையடிவாரத்தில் இருந்தது. மூன்று ஏக்கர் பந்தல், முந்நூறு கொடிகள். ஒவ்வொரு கொடியின் தண்டிலும் ஒரு ஊசி, ஊசிக்கு ஒரு குழாய், எல்லாக் குழாய்களுக்கும் கொட்டகையில் ஒரு மெஷின். எந்தக் கிளைக்கு, எந்த மணிக்கு, எத்தனை சொட்டு ஜி.ஏ. என்று ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனிப் பக்குவம். பதினைந்து நாளுக்கு ஒரு தலைமுறை. நல்ல மார்க் வாங்கிய பக்குவங்களைக் கலந்து மெஷின் புதுப் பக்குவம் தயாரிக்கும். மோசமான மார்க் வாங்கியது அதோடு ஒழிந்தது. கொடி இருக்கும், பக்குவம் மாறிவிடும்.

இதில் இளம்பரிதி எழுதிய விதி ஒன்று உண்டு. அதிக மார்க் வாங்கிய பக்குவத்தைத் தொடக்கூடாது. அது அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகும். நடக்கிற கல்யாணமெல்லாம் அதன் வழியில்தான் நடக்கும். பிறகு எத்தனை பேர் அதே மார்க் வாங்கினாலும் முதலில் வாங்கியதுதான் மூத்தது. அது எந்தக் கொடி என்று அவன் பார்த்ததில்லை. அதைப் பார்க்கத்தான் மெஷின் இருக்கிறதே.

மார்க் இரண்டு வகை. குலையின் எடையைத் தராசு சொல்லும். அதற்கு அறுவடை வரை காத்திருக்க வேண்டும், நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை. இன்னொன்று பந்தலில் வேலை பார்க்கும் எட்டுப் பெண்கள் தினமும் போடும் மார்க். வைகை பிடிவாதமாகச் சேர்த்தது அது. “எடையைத் தராசு சொல்லும். பழம் பழமா இருக்கான்னு முப்பது வருஷமா பறிக்கிற கைதான் சொல்லும்” என்றாள். தினம் இருபது கொடி கொண்ட ஒரு வரிசை. மதியம் இரண்டரை மணிக்கு ஒச்சாயி ஒரு சின்னக் கருவியில் கட்டைவிரலை வைத்து, ஒவ்வொரு கொடிக்கும் பத்துக்கு இத்தனை என்று தட்டுவாள். ஒச்சாயிக்கு ஐம்பத்தைந்து வயது. எட்டுப் பேருக்கும் அவள்தான் தலைமை.

தராசு எப்போதாவது பேசியது. ஒச்சாயி தினம் பேசினாள். மெஷின் தினம் பேசுகிறவர் சொல்லைக் கேட்டது. உலக வழக்கம்தான்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. வியாழக்கிழமை ஆய்வுக்குழு வருகிறது. கடைசி மூன்று அறுவடையில் சராசரிக் குலை எடை நானூற்றுப் பத்து கிராமிலிருந்து இருநூற்று அறுபதுக்கு இறங்கியிருக்கிறது. தகுந்த விளக்கம் இல்லையென்றால் பந்தலைப் பிரித்துவிட்டு டிராகன் பழம் போடப்படும்.

இளம்பரிதி கடிதத்தை இரண்டு முறை படித்தான். டிராகன் பழத்துக்கு எட்டு ஆள் தேவையில்லை, மூன்று போதும். அது ஒன்று. இன்னொன்று, முந்நூறு கொடிகளையும் வைகை தன் கையால் நட்டிருந்தாள். அவளுடைய சேலைகளை அவள் அம்மா எடுத்துப் போய்விட்டார். புத்தகங்கள் கல்லூரிக்குப் போயின. அவனிடம் இருந்தது பந்தல் மட்டும்தான். அதைப் பையில் போட்டுக்கொண்டு வேறு ஊருக்குப் போக முடியாது.

விளக்கம் தேடி உட்கார்ந்தான். எடை பதினாறு மாதமாக இறங்குகிறது. பெண்கள் போட்ட மார்க்கோ பதினாறு மாதமாக ஏறுகிறது. பழம் சிறுக்கச் சிறுக்க மார்க் கூடுகிறது. இருநூற்றுப் பன்னிரண்டாம் கொடிக்குப் போன மாதம் பத்துக்குப் பத்து. அதில் உருப்படியாக ஆறு குலை இல்லை. இந்த மார்க் எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று கணினியிடம் கேட்டான். வெயிலா, ஈரமா, காற்றா, கிழமையா?

எதுவுமில்லை என்றது கணினி. இளம்பரிதி என்றது.

பந்தலுக்குள் எல்லோரும் கையில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். யார் எந்தக் கொடியடியில் எத்தனை நிமிடம் நின்றார்கள் என்று அது குறித்துக்கொள்ளும். அன்றைய வரிசையில் குழாய்களைச் சரிபார்ப்பது இளம்பரிதியின் வேலை. ஒரு மணிக்கு எந்தக் கொடியடியில் நிற்கிறானோ அங்கேயே உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பான். பெட்டியை அந்த எட்டுப் பேரும் முறை வைத்துக் கொண்டுவந்தார்கள். எப்போது ஆரம்பித்தார்கள் என்று அவனுக்கு நினைவில்லை. அவன் முப்பது நிமிடம் உட்கார்ந்த கொடிக்குப் பத்து. நாலு நிமிடம் உட்கார்ந்த கொடிக்கு இரண்டு. வரிசையில் மற்றதுக்கெல்லாம் ஐந்து. பதினாறு மாதத்தில் இந்தக் கணக்கு பிசகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நேராக ஒச்சாயியிடம் போனான். அவள் கவாத்துக் கத்திரியோடு நின்றிருந்தாள்.

“ஒச்சாயிக்கா, மார்க்கு எப்படிப் போடுறீங்க?”

“கட்டவெரல வச்சு.”

“அதில்ல. எதைப் பாத்துப் போடுறீங்க?”

“கொடியப் பாத்துத்தேன். வேற எதப் பாப்பாக?”

“இருநூத்திப் பன்னெண்டுல குலையே இல்லையே. பத்து போட்டிருக்கீங்க.”

“கொலை இல்லாட்டி என்ன, அதுபாட்டுக்கு நல்லாத்தேன இருக்கு.”

“நான் எங்க உக்காருறனோ அந்தக் கொடிக்கு மார்க்கு ஏறுது. காக்கா புடிக்கிறீங்களாக்கா?”

கத்திரி நின்றது. ஒச்சாயி மெதுவாகத் திரும்பினாள்.

“ஏத்தா பவுனு, இங்க வா. நம்ம சாரக் காக்கா புடிக்கிறமாம்.”

பவுன்தாயி நாலு வரிசை தள்ளி இருந்தாள். அவள் குரலுக்கு அது தூரமே இல்லை. “இவரப் புடிச்சு என்னத்துக்காகும்? அவரே புடிமானம் இல்லாம நிக்காரு.”

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒச்சாயி சிரிக்கவில்லை.

“தம்பி, நீங்கதேன சொன்னீக, எல்லாத்துக்கும் பத்து போட்டா மெஷினுக்கு வெளங்காதுன்னு.”

சொல்லியிருந்தான். வைகை போன புதிதில். அதுவரை பெண்களோடு உட்கார்ந்து பேசி, கேட்டு வாங்கி, மார்க்கைத் தட்டியது வைகைதான். பிறகு கருவியை ஒச்சாயி கையில் கொடுத்தான். முதல் வாரம் முழுக்கப் பத்து, பத்து, பத்து என்று வந்தது. அவர்களைக் கூப்பிட்டு, வித்தியாசம் இல்லாவிட்டால் மெஷினால் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது, எல்லாம் வீண் என்றான். அன்று அவன் பேசியது மொத்தமே அந்த ஒரு வாக்கியம்தான்.

“வித்தியாசம் போடச் சொன்னேன். சரி. அதுக்காக...”

“காச்ச கொடியக் கொற சொல்லலாமா தம்பி?” என்றாள் ஒச்சாயி. “வாயால சொன்னாலே அடுத்த பூ நிக்காது. வெரல வச்சு வேற அழுத்தச் சொல்றீக. புள்ளத்தாச்சியப் பாத்து ஒனக்கு ரெண்டு மார்க்குன்னு சொல்லுவீகளா?”

இளம்பரிதி நாலு வருடம் படித்த எந்தப் பாடத்திலும் இந்தக் கேள்வி வரவில்லை.

“கொடியக் கொற சொல்லக் கூடாது. ஆனா மெஷினுக்கு வித்தியாசம் வேணும். அப்ப வேற எதையாச்சும் பாத்துத்தேன போடணும்? ரெண்டு நாளு எட்டுப் பேரும் ஒக்காந்து ரோசிச்சோம்.”

“எதைப் பாத்துப் போட்டீங்க?”

பவுன்தாயி ஒரு தளிரை ஆராய்ந்தாள். ஒச்சாயி கத்திரியின் ஆணியைத் திருகினாள். கடைசியில் எட்டுப் பேரில் இளையவளான செல்லக்கிளிதான் சொன்னாள்.

“நீங்க சாப்புடுறதப் பாத்து.”

விதிகள் தெளிவாக இருந்தன. பெட்டி காலியானால் பத்து. ஒரு கை சோறு மிஞ்சினால் ஏழு. தொட்டுக்க வைத்ததை மட்டும் தின்றால் ஐந்து. திறந்து மூடினால் இரண்டு. நாய்க்குப் போட்டால் ஒன்று.

“நாய்க்குப் போட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அது எங்க வீட்டு நாயி” என்றாள் பவுன்தாயி.

இளம்பரிதி நின்ற இடத்திலேயே பழக்கதோஷத்தில் மனக்கணக்கு போட்டான். சில பக்குவங்கள் ஏன் ஓகோவென்று ஆரம்பித்து ஒரே நாளில் வேரறுந்து போயின என்று அவனுக்கு முன்பே ஒரு சந்தேகம் இருந்தது. தேதிகளைச் செல்லக்கிளியின் முறையோடு ஒப்பிட்டான். பதினான்கு வம்சங்கள் அவள் சாம்பாரால் அழிந்திருந்தன.

“எஞ் சாம்பாருக்கு என்ன கொறச்சல்?” என்றாள் செல்லக்கிளி.

“எட்டு மார்க்குக் கொறச்சல்” என்றாள் பவுன்தாயி.

“யார் சொன்னது இப்படிப் போடச் சொல்லி?” என்று இளம்பரிதி கேட்டான்.

ஒச்சாயி அடுத்த கொடிக்கு நகர்ந்தாள்.

அவன் பந்தலுக்குள் நடந்தான். தினம் நடக்கிற இடம்தான். இப்போதுதான் தலையை நிமிர்த்திப் பார்த்தான். மேற்குப் பக்கம் இலை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிக் கூரைபோல் இறங்கியிருந்தது. ஒரு மணி வெயில் அங்கிருந்துதான் சாயும். மலைக்காற்று வரும் பக்கம் கிளைகள் ஒதுங்கி வாசல் விட்டிருந்தன. குலைகள் எட்டாத உயரத்தில் இல்லை. காம்பு நீண்டு நீண்டு, தரையில் உட்கார்ந்திருக்கும் நெட்டையான ஒருவன் கை நீட்டினால் தொடுகிற அளவுக்குத் தொங்கின. மணிகள் சிறியவை, புளிப்பானவை. ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டான். நாக்கில் நீர் ஊறியது. மோர்ச்சோற்றுக்கு ஊறுகாய்போல் இவற்றைப் பல மாதமாகக் கடித்து வருகிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

மெஷினுக்கு மனிதன் என்றால் என்னவென்று தெரியாது. சோறு தெரியாது. இப்படி இலை விட்டால் மார்க் கூடுகிறது, இப்படிக் காம்பை நீட்டினால் இன்னும் கூடுகிறது என்று மட்டும் தெரியும். முப்பத்திரண்டு தலைமுறையாக அது சலிக்காமல் தேடி, ஒரு ஆளைச் சாப்பிட வைப்பதற்கு உகந்த திராட்சைக் கொடியைக் கண்டுபிடித்துவிட்டது. பதினாறு மாதத்துக்கு முன்பு தன் எடை எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது. போன வாரம் பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட்டது நினைவுக்கு வந்தது.

“வெள்ளெலைக்காரவுக கேட்டா இதச் சொல்லாதீக” என்றாள் ஒச்சாயி பின்னாலிருந்து. ஆய்வுக்குழுவுக்கு அவள் வைத்த பெயர் அது. போனமுறை வந்த ஒருவர் வெற்றிலை போடுவார். “மழை பெய்யலன்னு சொல்லுங்க. மழைய யாரும் குழு போட்டு வெசாரிக்க மாட்டாக.”

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். தலைவர் கிருபாகரன், ஓய்வுபெற்ற இயக்குநர். வயிற்றுப்புண்காரர். இரண்டு ரொட்டி பிஸ்கட்டைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அதுதான் அவருடைய மதியச் சாப்பாடு. வேளாண் துறையிலிருந்து டாக்டர் அறவாழி. கணினித் துறையிலிருந்து பேராசிரியை சில்வியா.

இளம்பரிதி முதல் படத்தைத் திரையில் போட்டான்.

“ஜி.ஏ. எத்தனை பி.பி.எம். குடுக்குறீங்க?” என்றார் அறவாழி.

“ஜி.ஏ.வுக்கு எதுக்கு சார் பி.பி.எம்.?” என்றார் சில்வியா. “தம்பி, உங்க ஜி.ஏ.ல மியூட்டேஷன் எவ்வளவு?”

“மியூட்டேஷனா? மேடம், இது தோட்டத்துல தெளிக்கிறது. மியூட்டேஷன் ஆச்சுன்னா ஊரே சண்டைக்கு வரும்.”

“தெளிக்கிறதா?”

பத்து நிமிடம் இப்படிப் போனது. கிருபாகரன் கோப்பைப் புரட்டி, இரண்டு கையெழுத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அஞ்சு வருஷமா ரெண்டு பேரும் எதுக்கு அனுமதி குடுத்தீங்கன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது” என்றார். “மேல சொல்லுங்க தம்பி.”

மேலே சொல்ல ஒரே ஒரு படம்தான் இருந்தது. எடை இறங்கும் படம். அறவாழி எழுந்துபோய் ஒரு குலையைப் பறித்து, பையிலிருந்து கைத்தராசை எடுத்து நிறுத்தார். “நூத்தி எண்பது” என்றார். சாவு வீட்டில் நேரம் சொல்வதுபோல் சொன்னார். “என்ன விளக்கம் இருக்கு?”

மழை என்று சொல்ல இளம்பரிதி வாயைத் திறந்தான். மழை குறைவில்லாமல் பெய்திருந்தது. புள்ளிவிவரம் திரையிலேயே இருந்தது.

“சாப்பிட்டுப் பேசலாமா சார்” என்றான்.

பண்ணையில் சாப்பாட்டு அறை கிடையாது. இருநூற்றுப் பன்னிரண்டாம் கொடியடியில் பாய் விரித்தார்கள். எட்டு வீட்டுச் சாப்பாடும் வந்திருந்தது. கிருபாகரன் பிஸ்கட் காகிதத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். காற்று வந்தது. தலைக்குப் பக்கத்தில் ஒரு குலை தொங்கியது. யாரும் பார்க்காதபோது அவர் கை நீண்டது.

கால் மணி நேரத்தில் பிஸ்கட்டை எறும்பு எடுத்துக்கொண்டிருந்தது. கிருபாகரன் பவுன்தாயியின் கருவாட்டுக் குழம்பில் இரண்டாம் முறை சோறு பிசைந்துகொண்டிருந்தார். அறவாழி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். சில்வியா செல்லக்கிளியின் சாம்பாரை வாங்கி, மரியாதைக்குச் சாப்பிட்டு முடித்தார்.

கை கழுவிய பிறகு இளம்பரிதி எல்லாவற்றையும் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான். காய்த்த கொடியைக் குறை சொல்லக் கூடாது என்பது, பெட்டி, பத்து, ஏழு, ஐந்து, நாய். ஒச்சாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப இது திராட்சைத் தோட்டம் இல்ல” என்றார் கிருபாகரன்.

“இல்ல சார்.”

“ரெண்டு துறை சேர்ந்து ஒரு ஆளுக்குச் சோறு ஊட்டியிருக்கு.”

“ஆமா சார்.”

“திட்டம் தோத்துருச்சு” என்றார் அறவாழி. “பிரிச்சுடலாம்.”

“எங்க தோத்துச்சு?” என்றார் சில்வியா. “கேட்டதைச் சரியாக் கண்டுபிடிச்சிருக்கு. கேட்டதுதான் வேற.”

“கேட்டது பழம் மேடம்.”

“பழம்னு யாரும் அதுகிட்டச் சொல்லலையே சார். மார்க்குதான சொன்னாங்க.”

கிருபாகரன் இருவரையும் கவனிக்கவில்லை. ஒச்சாயியின் கையிலிருந்த கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி இரண்டரை ஆகியிருந்தது. அவள் வழக்கம்போல் தட்டி முடித்திருந்தாள்.

“எனக்கு எத்தனை போட்டீங்க?”

ஒச்சாயி இளம்பரிதியைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

“எட்டு.”

“ஏன்? நல்லாத்தான சாப்பிட்டேன்.”

“மோரு வேணாம்னுட்டீகள்ல.”

இயக்குநராக இருந்த பன்னிரண்டு வருடத்தில் கிருபாகரனுக்கு யாரும் மார்க் குறைத்திருக்க மாட்டார்கள். அவர் மறுபடி பாயில் உட்கார்ந்து டம்ளரை நீட்டினார். மோரைக் குடித்து முடித்துத்தான் தீர்ப்பைச் சொன்னார். திராட்சை என்ற வகையில் திட்டம் முடிந்தது. இரண்டரை ஏக்கரைப் பிரித்து டிராகன் பழம் போடலாம். அரை ஏக்கர், ஐம்பது கொடி, இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும். எந்த ஐம்பது என்பதைத் தம்பி முடிவு செய்யட்டும்.

“காரணம்னு என்ன எழுதுறது சார்?” என்றார் அறவாழி.

“மேலும் ஆய்வு தேவைன்னு எழுதுங்க. அதுக்கு எந்தத் துறையும் மறுப்புச் சொன்னதில்ல.”

ஜீப்பில் ஏறும்போது சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். பிஸ்கட் இல்லாததால் ஒச்சாயி அதில் ஒரு சின்னக் குலையை வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை இளம்பரிதி ஐம்பதைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தான். எட்டுப் பேரில் நாலு பேருக்குத்தான் இனி இங்கே வேலை. மூன்று பேர் திங்கள் முதல் டிராகன் பழத்துக்குப் போகிறார்கள். செல்லக்கிளியும் அதில் ஒருத்தி. இன்னொருத்தி மகள் வீட்டோடு போய் இருந்துகொள்கிறேன் என்றாள். விருப்பப்பட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை.

முதலில் மூத்த கொடியை எடுக்க வேண்டும். அவன் எழுதிய விதிப்படி எந்தத் தலைமுறையிலும் தொடப்படாத கொடி. இருநூற்றுப் பன்னிரண்டாகத்தான் இருக்கும் என்று நினைத்துத் தேடினான்.

ஒன்பது என்று வந்தது.

ஒன்பதாம் கொடிக்குப் பத்து. தேதி நாலு வருடத்துக்கு முந்தைய ஒரு சித்திரை மாதம். நட்டு நாற்பது நாள் ஆகியிருந்த கொடி. குலை கிடக்கட்டும், நாலு இலை இருந்திருந்தால் அதிகம். மார்க் போடுகிற முறையைச் சோதித்துப் பார்த்த முதல் நாள் அது. தட்டிய விரல் வைகையுடையது.

ஒவ்வொரு மார்க்குக்குப் பக்கத்திலும் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. ஒச்சாயிக்கு எழுதத் தெரியாது என்பதால் அந்தக் கட்டங்கள் எப்போதும் காலிதான். அவன் பட்டியலில் அவற்றை மறைத்தே வைத்திருந்தான். திறந்து பார்த்தான். ஒரே ஒரு வரி.

‘மு.நா. இன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினான்.’

மு.நா. என்றால் என்னவென்று எந்தத் துறைக்கும் தெரியாது.

அந்த நாள் இளம்பரிதிக்கு நினைவில் இல்லை. என்ன சாப்பிட்டான், ஏன் இரண்டாம் முறை கேட்டான், அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், எதுவும் இல்லை. மெஷின் மறக்கவில்லை. முந்நூறு கொடிகளும் அந்த ஒரு மார்க்கின் பிள்ளைகள், பேரன்கள், கொள்ளுப்பேரன்கள்.

ஒரு மணிக்கு அவன் குழாய் எதையும் சரிபார்க்காமல் ஒன்பதாம் கொடிக்கு நடந்தான். வேலிப் பக்கத்து மூலையில் இருந்தது. தண்டு தடித்து, ஊசி ஏறிய இடத்தில் ஒரு முடிச்சு. மேற்கே கூரை இல்லை, கைக்கெட்டும் குலை இல்லை. முதல் பக்குவம் அது, எதையும் கற்றுக்கொள்ளாதது. வெயில் முகத்தில் அடித்தது. அதன் அடியில் உட்கார்ந்தான்.

ஒச்சாயி கருவியோடு வந்து சற்றுத் தள்ளி நின்றாள். பின்னால் பெட்டியோடு செல்லக்கிளி. அவளுடைய கடைசி முறை. மூடியைத் திறக்காமலே சாம்பார் என்று தெரிந்தது.

“இது வைகை சொல்லிக் குடுத்ததா ஒச்சாயிக்கா?” என்று கேட்டான். “சாப்பாட்டைப் பாத்து மார்க்குப் போடுறது.”

ஒச்சாயி கருவியை மறு கைக்கு மாற்றினாள்.

“சொல்லிக் குடுக்கல. அது போடுறத ஒருநா பாத்துட்டேன். என்ன தாயி, மொளச்ச கொடிக்குப் பத்துங்கிறன்னு கேட்டேன். வெளிய சொல்லீராத ஒச்சாயின்னுச்சு.” சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். “சொல்லல.”

இளம்பரிதி பெட்டியைத் திறந்தான். சாம்பாரில் முருங்கைக்காய் இருந்தது. புளி தூக்கலாக இருந்தது. உப்பு இன்னும் வந்து சேரவில்லை. பிசைந்து சாப்பிட்டான். நாய் வந்து எதிரே உட்கார்ந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. பெட்டியின் மூலையில் இருந்ததையும் வழித்துச் சாப்பிட்டான். பிறகு பெட்டியைச் செல்லக்கிளியிடம் நீட்டினான்.

“இன்னும் கொஞ்சம் சோறு இருக்குமா?”

செல்லக்கிளி அவனைப் பார்த்தாள், ஒச்சாயியைப் பார்த்தாள், தன் பெட்டியைத் திறந்து பாதியை அள்ளி வைத்தாள். மறுபடி சாம்பார் ஊற்றினாள். அவன் அதையும் சாப்பிட்டான். ஒச்சாயி கருவியைத் தூக்கி, கட்டைவிரலை முந்தானையில் துடைத்துவிட்டு அழுத்தினாள்.

செல்லக்கிளி எட்டிப் பார்த்தாள். “பத்தா?” என்றாள். “எஞ் சாம்பாருக்கா?”

“சாம்பாருக்கு இல்லடி” என்றாள் ஒச்சாயி. “கொடிக்கு.”